மாமி பேசிய அமெரிக்கச் சம்பந்தம்

என் வலது முழங்கையில் நோவு இருக்கிறது என்பதை அந்த அமெரிக்கக் கோச்சுக்குச் சொன்னது மாமிதான். எங்கள் வீட்டு முன்னறையில், அம்மா பொரித்துக் கொண்டுவந்த பற்றிஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் கூடிவந்துவிட்டது, இனி அவர் வாயால் 'சரி' என்று ஒரு சொல் வரவேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து மாமி, பட்டுச்சேலைக்கு மேல் போட்டிருந்த சாம்பல் நிறக் கார்டிகனின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, "உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும்" என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தாழியைத் தூக்கி நிலத்தில் போட்டவரை நான் நேரிலேயே பார்த்தவன். அவர் என் அப்பாவின் அக்கா.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ன் வந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்நாளில் இந்த நகரத்திலிருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் பொங்கலன்று ஒரு வீட்டு வரவேற்பறைக்குள் அடங்கிவிடும். கதிரை போதாமல் பிள்ளைகள் கம்பளத்தில் உட்காருவோம், அவ்வளவுதான். அப்பா கார் தொழிற்சாலை ஒன்றில் பாகங்களுக்கு வரைபடம் வரைபவர். மாமியும் மாமாவும் எங்களுக்கு முன்பே வந்து, எங்களை அழைப்பித்தவர்கள். கிளேட்டனில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தார்கள். மாமி தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலைக்குப் போனார். மாமா அதிகம் பேசமாட்டார். அந்த வீட்டில் அதற்கு இடமும் இருக்கவில்லை.

நான் பேஸ்போல் விளையாடப் போனதே ஒரு வேடிக்கை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணியில் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்தேன். முழங்கை மடங்குகிறது, இவன் பந்து வீசவில்லை, எறிகிறான் என்று நடுவர்கள் என்னைத் திரும்பத் திரும்பப் பிடித்தார்கள். கடைசியில் பயிற்சியாளர் என்னை எல்லைக்கோட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். மெல்பேர்ன் உயர்பள்ளியில் குளிர்காலம் வந்தால் எல்லோரும் அவுஸ்திரேலியக் காற்பந்து ஆடுவார்கள். அந்தக் கூட்டத்துக்குள் நான் போனால் முருங்கைக்காயை அம்மியில் வைத்த மாதிரித்தான். ஒருநாள் மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து நான் ஒரு பந்தை இந்தப் பக்கத்துக்கு எறிந்ததை விளையாட்டு ஆசிரியர் பார்த்தார். அடர்ந்த மீசைக்காரர், நல்ல மனிதர். என்னைக் கூட்டிப்போய் ஒரு மண்மேட்டில் நிறுத்தி, இங்கே முழங்கையை மடக்கி எறிவதுதான் வேலை, எவ்வளவு வேண்டுமானாலும் மடக்கு என்றார். அந்த ஊரில் குற்றமாக இருந்தது இந்த ஊரில் தகுதியாகிவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மாமி ஒரேயொரு முறை மைதானத்துக்கு வந்தார். டண்டினோங் மலை தூரத்தில் நீலமாகத் தெரியும் மைதானம். குடையும் தேநீர்ப் போத்தலுமாக வந்து உட்கார்ந்து, கண் எடுக்காமல் பார்த்துவிட்டு, "என்னடா, எல்லாரும் சும்மா நிக்கினம், நீ ஒருத்தன்தான் வேலை செய்யிறாய். மற்றவைக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது?" என்று கேட்டார். அதற்கு மேல் அந்த விளையாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர் முயலவில்லை. அது தேவைப்படவும் இல்லை. அவருக்குத் தெரிந்தது வேறு ஒன்று.

மாமி கலியாணம் பேசுவதில் வல்லவர். காசுக்குச் செய்யும் தரகர் அல்ல. குடும்பத்துக்குள்ளும் அயலுக்குள்ளும் எங்கே ஒரு பெண் இருக்கிறாள், எங்கே ஒரு பொடியன் இருக்கிறான் என்பதை மனதில் வைத்திருந்து, இரண்டு வீட்டையும் கொண்டுவந்து ஒரு வாசலில் நிறுத்திவிடுவார். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அவர் பேசி முடித்த சம்பந்தங்கள் பல. மெல்பேர்னுக்கு வந்த பிறகு அந்தக் கைக்கு வேலையில்லாமல் போயிற்று. இருந்த பிள்ளைகள் எல்லாம் எங்களைப் போல வாலறுந்த வயது. தபால் நிலையத்தில் கூட வேலைசெய்த இத்தாலியப் பெண் ஒருத்திக்கு கிரேக்க மாப்பிள்ளை பார்க்கப் போய் அது சரிவரவில்லை என்று மாமா ஒருமுறை சொன்னார். அப்படி இருக்கையில்தான் எனக்கு அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்தது.

அந்த அமெரிக்கக் கோச் தன் நாட்டின் கோடை விடுமுறையில், அதாவது எங்கள் குளிர்காலத்தில், மெல்பேர்னுக்கு வந்து பயிற்சி முகாம் நடத்திவிட்டுப் போனவர். சிறிய கல்லூரி ஒன்றின் கோச். முகாமில் நான் எறிவதைப் பார்த்தவர், ஊருக்குப் போனதும் பள்ளிக்கு எழுதினார். பேஸ்போல் விளையாடுகிறவனுக்குக் கல்லூரிக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கொடுத்துப் படிப்பிப்பார்களாம். வீட்டில் யாருக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை. பந்து எறிகிறதுக்குப் பட்டம் குடுக்கிற ஊரும் உண்டோ என்று அம்மா கேட்டார். ஆனால் எனக்கு அது உயிர் போகிற காரியமாகிவிட்டது. அப்பாவின் சம்பளத்தில் இரண்டு தங்கைமாரும் நானும் மேலே படிப்பது எப்படி என்ற கேள்வி எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. பொறியியல் படிக்கவேண்டும், அதோடு பந்தும் எறியவேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் தருகிறேன் என்கிறார் ஒருவர். அன்றைக்கே பதில் எழுதிக் கடைசித் தபாலில் போட ஓடினேன். மாமி வாசலில் மறித்துவிட்டார்.

"எங்க ஓடுறாய்? உடன பதில் போட்டா இவனுக்கு வேற இடம் இல்லையெண்டு நினைப்பினம். ஒரு கிழமை போகட்டும்."

"மாமி, இது கலியாணம் இல்லை!"

"ஒரு வீட்டுப் பிள்ளையை இன்னொரு வீட்டை அனுப்புறம். பிறகு இது என்ன? நல்லாக் கேள். நீ மாப்பிள்ளை. அவையள்தான் பொம்பிளை வீட்டுக்காரர். சீதனம் தாறது அவையள். நீ ஏன் துள்ளுறாய்?"

அன்றிலிருந்து என் காரியம் மாமியின் கைக்குப் போனது. ஓர் இடத்தை மட்டும் நம்பக்கூடாது என்று விளையாட்டு ஆசிரியரைக் கொண்டு வேறு மூன்று கல்லூரிகளுக்கும் எழுதுவித்தார். ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு எழுதுவது மரியாதையா என்று அந்த நல்ல மனிதர் மீசையைத் தடவியபடி தயங்கினார். மாமி அவருக்கு விளக்கினார்: "நான்கு இடம் பார்க்காமல் ஒன்றை முடிவுசெய்தால் அதற்குப் பெயர் காதல். நாங்கள் அதற்கு வரவில்லை." ஆசிரியர் சிரித்துவிட்டு நான்கு கடிதங்களையும் எழுதினார். அதுமட்டுமல்ல, ஒவ்வொரு கடிதத்திலும் மற்றவர்களும் கேட்டிருக்கிறார்கள் என்று ஒரு வரி சேர்க்கச் செய்தார் மாமி. பின்னாளில் நான் அமெரிக்காவில் கேட்டறிந்தபடி, அங்கே அதுதான் வழக்கமாம். அந்த வழக்கத்தை அவர் அறிந்து செய்யவில்லை. யாழ்ப்பாணத்து நல்லூரில் கலியாணம் பேசும்போது செய்ததைச் செய்தார்.

படம் அனுப்பச் சொல்லி எழுதியிருந்தார்கள். மைதானத்தில் சீருடையோடு பந்தெறியும் படத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று தலையால் நடந்து சொன்னேன். எடுபடவில்லை. அப்பாவின் கோட்டை எனக்கு மாட்டி, நீளமான கையை உள்ளே மடித்து ஊசி குத்தி, தலைக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்து, ஸ்டூடியோவில் ஒரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று எடுப்பித்து அனுப்பினார். வங்கி மானேஜர் வேலைக்கு வந்த விண்ணப்பம் வழி தவறி என்னிடம் வந்துவிட்டது என்று நினைத்தேன் என்று கோச் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அதன் பிறகு ஆசிரியர் யாரிடமோ சினிமாக் கருவி இரவல் வாங்கி, நான் எறிவதை உண்மையான படமாக எடுத்து அனுப்பினார். மதிப்பெண்கள் போயின. அமெரிக்கக் கல்லூரிகளுக்கான நுழைவுப் பரீட்சையை நகரத்துக்குப் போய் எழுதினேன். ஒவ்வொரு பதிலுக்கும் வாரக்கணக்கில் தபால்காரரைப் பார்த்திருக்கவேண்டும். இரண்டு கல்லூரிகள் கைவிரித்தன. மிஞ்சியவை இரண்டு: நேரில் வந்து பார்த்த கோச்சின் சிறிய கல்லூரி ஒன்று, பளபளக்கும் புத்தகம் அனுப்பிய பெரிய கல்லூரி ஒன்று. என் மனம் பெரியதன் பக்கம் போய்விட்டது. அந்தப் புத்தகத்தில் இருந்த மைதானத்தைப் பார்த்தால் யாருக்கும் போகும்.

மாமி விசாரிக்கத் தொடங்கினார். சம்பந்தம் பேசும் வீட்டைப் பற்றி அந்த வீட்டாரிடம் கேட்கக்கூடாது, அயலில் கேட்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த அவருடைய ஒன்றுவிட்ட தம்பியின் மகனுக்குக் கட்டளை போயிற்று. அந்தப் பாவம் பஸ் ஏறி இரண்டு கல்லூரிக்கும் போய், விடுதியில் சாப்பாடு பரிமாறுகிறவர்களோடும் பழைய மாணவர்களோடும் கதைத்துவிட்டு ஒரு ஞாயிறு காலை தொலைபேசியில் கூப்பிட்டார். பெரிய இடத்தில் சாப்பாடு நல்லது, மைதானம் நல்லது. ஆனால் கையிலோ காலிலோ அடிபட்டவர்களை அடுத்த ஆண்டு அங்கே காணவில்லை. உதவித்தொகையை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிப்பார்கள். விளையாட முடியாதவனுக்குப் புதுப்பிக்க மாட்டார்கள். சிறிய இடத்தில் என்ன நடக்கும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, கோச் ஒரு சிடுமூஞ்சி, ஆனால் பொடியன்கள் படித்து முடிக்கிறார்கள். மாமி தொலைபேசியை வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். அவர் எதைப் பற்றி யோசித்தார் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த குளிர்காலம் பிறக்கும்போதே என் முழங்கையில் நோவு தொடங்கியிருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆசிரியருக்குத் தெரிந்தால் ஓய்வெடுக்கச் சொல்வார், முகாமுக்கு வரும்போது வீட்டுக்கும் வருவதாக எழுதியிருந்த கோச்சுக்குத் தெரிந்தால் வரவே மாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தேன். சனிக்கிழமை ஆட்டம் முடிந்து மாமி வீட்டில் மதியச் சாப்பாடு வழக்கம். மற்ற நேரங்களில் மறைக்கலாம். சோற்றைக் குழைத்துக் கையால் சாப்பிடும்போது எப்படி மறைப்பது? முழங்கை மடங்காது. கை வாய்க்கு வராததால் நான் குனிந்து வாயைத் தட்டுக்குக் கொண்டுபோனேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கப் பார்த்தவன் நான். மாமி எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை நோகுதோ?"

"இல்லை மாமி."

"சரி, சாப்பிடு" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. மாமி ஒன்றைக் கேட்காமல் விட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தின் நடுவில் மறுபடி முகாமுக்கு மெல்பேர்ன் வந்த கோச், ஆசிரியரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஞாயிறு பின்னேரம். அப்பா டை கட்டியிருந்தார். அம்மா முதல் நாளிலிருந்து அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மாமி தன் காஞ்சிபுரத்தில் வந்திறங்கி, கோச்சை நல்ல கதிரையில் இருத்தி, அவருடைய ஊர், பெற்றோர், சகோதரர்கள், பிள்ளைகள் எல்லாவற்றையும் விசாரித்தார். பிறந்த நேரத்தையும் கேட்டார். அப்பா கூரையைப் பார்த்தார். கோச் அன்றைக்குச் சிடுமூஞ்சியாக இருக்கவில்லை. ஊருக்குப் போனதும் தன் அம்மாவிடம் கேட்டுச் சொல்வதாக மிகவும் மரியாதையாகச் சொன்னார். பிறகு அவர் என் எறிதலைப் பற்றிப் பேசினார். நல்ல நல்ல வார்த்தைகள். ஆசிரியர் என் பக்கம் கண்ணைச் சிமிட்டினார். அந்த இடத்தில்தான் மாமி பொத்தானைப் பூட்டினார்.

"இவனுக்கு வலது முழங்கை நோகிறது. சில மாதமாக. எங்களுக்கும் சொல்லவில்லை, உங்களுக்கும் சொல்லமாட்டான். அதனால் நான் சொல்கிறேன்."

கோச் பற்றிஸைத் தட்டில் வைத்தார். கோட்டைக் கழற்றச் சொல்லி என் கையைப் பிடித்து, நீட்டி, மடக்கி, உட்பக்கத்தில் பெருவிரலால் அழுத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு அது போதும். மாமி விடவில்லை. "இதைத் தெரிந்துகொண்டு எடுப்பதென்றால் எடுங்கள். எடுத்த பிறகு இதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக்கூடாது. இவனுடைய கை நின்றுபோனாலும் படிப்பு நிற்கக்கூடாது."

கோச் நெற்றியைத் தடவினார். உதவித்தொகை ஆண்டுக்கு ஆண்டு கொடுப்பது, அது கல்லூரியின் விதி, அதற்கு மேல் எழுதித்தரத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார்.

"விதி கல்லூரியுடையது" என்றார் மாமி. "வாக்கு உங்களுடையது. நான் வாக்கைத்தான் கேட்கிறேன்."

யோசிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். அம்மா மிச்சப் பற்றிஸைக் கடதாசிப் பையில் போட்டுக் கொடுத்தார். கார் திரும்பும் வரை பொறுத்திருந்துவிட்டு நான் வெடித்தேன்.

"உங்களை ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை. அதாலதான் சொன்னனான். கேட்டாப் பிறகு சொன்னா அது பிடிபட்டது."

"அக்கா, கொஞ்சம் பொறுத்திருக்கலாம்" என்றார் அப்பா. "ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணத்தைச் செய் எண்டு சும்மாவே சொல்லுறவை?"

"ஆயிரம் பொய் சொல்லிச் செய்தவை எல்லாரும் இப்ப ஆயிரத்தோராவது பொய்யைத் தேடித் திரியினம். நீ சும்மா இரு." பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு கதை சொன்னார். கொழும்பில் அவர் பேசி முடித்த சம்பந்தம் ஒன்று. பெண்ணுக்கு ஒரு காது மந்தம். மாப்பிள்ளை வீட்டார் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. ஆவணியில் போன பெண் தைப்பொங்கலுக்குப் பெட்டியோடு தாய்வீட்டில் நின்றாளாம். "அந்தப் பிள்ளை என்னை ஏசவேயில்லை. எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தது" என்றார். "இனி ஒருத்தரையும் நான் அப்பிடி அனுப்பன். தெரிஞ்சுகொண்டு எடுக்கிறவன் எடுக்கட்டும்." அவர் சொன்னது எனக்கு விளங்கியது. விளங்கியது கோபத்தைக் குறைக்கவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பெரிய கல்லூரிக்கும் கையைப் பற்றி எழுதவேண்டும் என்று நின்றார். நான் முடியாது என்றுவிட்டேன். யாரையும் எதிர்த்துப் பேசாத, யாருக்கும் தானாக ஒரு வரி எழுதாத அப்பா உட்கார்ந்து தன் வரைபட எழுத்தில் அதை எழுதினார். பதில் இந்த முறை விரைவாகவே வந்தது. என் எதிர்காலத்துக்கு அவர்கள் வாழ்த்துத் தெரிவித்திருந்தார்கள். ஆக, கையில் இருந்ததும் போயிற்று, பறந்து வந்ததும் போயிற்று. சனிக்கிழமைகளில் மாமி வீட்டுக்குப் போவதை நிறுத்தினேன். மாமா ஒருநாள் வந்து நோ எண்ணெய்ப் போத்தல் ஒன்றை வைத்துவிட்டு, தடவச் சொன்னவ என்று மட்டும் சொல்லிப் போனார். நான் அதை அலுமாரியின் அடியில் தள்ளிவிட்டேன். அம்மா எடுத்துத் தடவிவிட்டார். அப்பா என்னை வைத்தியரிடம் கொண்டுபோனார். அந்தப் பருவம் முழுக்க எறியக்கூடாது என்றார் வைத்தியர். பள்ளி இறுதி ஆட்டத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

வசந்தம் தொடங்கும் நாட்களில் கோச் அமெரிக்காவிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். அப்பாதான் பேசினார். கோச் என்னைக் கேட்கவில்லை, மாமியைக் கேட்டார். சனிக்கிழமை காலை மாமி வீட்டுக்கு எடுப்பதாக ஏற்பாடாயிற்று. வேறு வழியில்லாமல் நானும் போய் உட்கார்ந்தேன். மணி அடித்ததும் மாமி எடுத்து, நலம் விசாரித்து, நீண்ட நேரம் கேட்டுக்கொண்டேயிருந்தார். அவர் முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. பிறகு, "இதையே அவனுக்கும் ஒருமுறை சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினார். நான் அங்கே கோச்சாக இருக்கும்வரை, உன் கை எறிந்தாலும் எறியாவிட்டாலும், நீ படித்து முடிக்கும்வரை ஒவ்வோர் ஆண்டும் உனக்காகக் கையெழுத்து வைப்பேன் என்றார் அவர். நான் நன்றி சொன்னேனா என்பதுகூட நினைவில்லை. மாமி என் வாயில் ஒரு துண்டு கற்கண்டைப் போட்டார். மாமா அன்றைக்கு இரண்டு வசனம் பேசினார்.

கோச் வாக்குக் கொடுத்தார் என்பது ஒரு பக்கம்; அதைக் காப்பாற்றுவாரா என்பது இன்னொரு பக்கம். அதற்குச் சோதனை வர இரண்டு ஆண்டு ஆனது. முதல் ஆண்டு நன்றாக எறிந்தேன். என்னைப் பார்க்க ஊர்ச்சனம் வந்து உட்கார்ந்ததும் உண்டு. இரண்டாம் ஆண்டு, ஓர் ஆட்டத்தின் நடுவில், முழங்கைக்குள் ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. இனி எறியவே முடியாது என்றார்கள். பக்கத்துக் கல்லூரியில் அதே போலக் கை போன ஒருவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனதை நான் பார்த்திருந்தேன். கோச் கூப்பிடுகிறார் என்றதும், நானும் மனதுக்குள் பெட்டியைக் கட்டிவிட்டுத்தான் போனேன். அவர் மேசையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், நாளைக் காலை உனக்கு வகுப்பு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அப்படியானால் நேரத்தோடு படு என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. அவர் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கிறேன். எல்லா வீட்டிலும் நான் பையனைப் பார்ப்பேன். உங்கள் வீட்டில்தான் என்னைப் பார்த்தார்கள்." அவருடைய சிடுமூஞ்சி அப்படியேதான் இருந்தது. எனக்கு அந்த முகத்தைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது. சொன்னபடி அவர் ஒவ்வோர் ஆண்டும் கையெழுத்து வைத்தார். நான் பொறியியல் முடித்து மெல்பேர்ன் திரும்பினேன். அந்தப் படிப்பில்தான் என் தங்கைமார் படித்தார்கள், இந்த வீடு எழுந்தது, இன்றுவரை என் சோறும் அதில்தான்.

இப்போது மெல்பேர்னில் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ விளையாட்டில் இருக்கிறார்கள். நகரின் வடக்கு விளிம்பிலுள்ள கிரெய்கிபர்னிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் தகப்பன்மார் என்னைத் தேடி வருகிறார்கள். அமெரிக்கக் கல்லூரிக்கு எப்படி அனுப்புவது அங்கிள் என்று கேட்கிறார்கள். கைபேசியை நீட்டி, பிள்ளை எறிவதையும் அடிப்பதையும் காட்டுகிறார்கள். வேகம், உயரம், எடை எல்லாம் விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள். இதற்கென்று ஆலோசகர்கள்கூட இருக்கிறார்களாம். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, நல்லது, பிள்ளையில் என்ன குறை என்று கேட்பேன். முகம் சுருங்கிவிடும். குறையா, அப்படி ஒன்றும் இல்லையே என்பார்கள். அதை முதலில் கண்டுபிடித்துக் கொண்டு வாருங்கள், அதைக் கேட்டும் வேண்டும் என்கிறவனிடம் அனுப்புங்கள் என்பேன். கிழவனுக்கு விசர் என்று நினைத்துக்கொண்டு சிலர் போய்விடுகிறார்கள். சிலர் அடுத்த கிழமை திரும்பி வருகிறார்கள். மாமி இல்லாத இந்த ஊரில் அவருடைய வேலையை நான் செய்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவர் இதைப் பார்த்திருந்தால், நான் கேள்வி கேட்கும் விதம் சரியில்லை என்று சொல்லியிருப்பார்.

அவர்களிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. கோச்சின் அறையிலிருந்து வெளியே வந்த அன்று, விடுதித் தொலைபேசியிலிருந்து மாமி வீட்டுக்கு எடுத்தேன். அப்பாவுக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை. கடலுக்கு அடியால் போய்வரும் குரல். ஒவ்வொரு பதிலுக்கும் சற்றுக் காத்திருக்கவேண்டும்.

"மாமி, கை போயிட்டுது."

"முழுசாவோ?"

"ஓம். இனி எறிய ஏலாதாம்."

"எழுத ஏலுமோ?"

"ஓம், ஏலும்."

"பிறகென்ன. கோச் என்ன சொன்னவர்?"

"நாளைக்கு வகுப்புக்குப் போகச் சொன்னவர்."

வாயைத் தொலைபேசியிலிருந்து அப்பால் திருப்பி மாமாவிடம் அவர் சொன்னது கேட்டது. "இஞ்சேருங்கோ... மனுசன் சொன்ன சொல்லுத் தப்பேல்லை. பிள்ளையைத் திருப்பி அனுப்பேல்லை." அந்தக் குரல் உடைந்திருந்தது. கோச்சின் முகத்துக்கு நேரே வாக்குக் கேட்டவர், பெரிய கல்லூரியைக் கைகழுவ வைத்தவர், என் கோபத்தைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த இரண்டு ஆண்டும் ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டே இருந்திருக்கிறார். எனக்கு அது அந்த நிமிடம் வரைக்கும் தெரியாது. விடுதி நடையில் பொடியன்கள் போய்வந்துகொண்டிருக்க, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதேன்.

மாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பி வந்தார். "சரி, வையடா. காசு ஏறுது" என்றார்.

ஆனால் அவரும் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.